நெல்லையிலிருந்து மணப்பாடு வரை: சொந்தக் காரில் முதல் ஒருநாள் பயணம்

கார் வாங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆபீஸ், மார்க்கெட், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓட்டிக் கை பழகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக எங்கேயாவது போய்வரலாமே என்று வீட்டில் பேச்சு கிளம்பும். உடனே ஒரு தாளை எடுத்து எட்டு ஊர்ப் பெயரை எழுதிவிடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். கிருஷ்ணாபுரம், நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களில் ஐந்து, திருச்செந்தூர், மணப்பாடு. அந்த ஐந்தில் ஒன்றான ஆழ்வார்திருநகரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால், நடை சாத்தியாயிற்று. பின் சீட்டிலிருந்து ஆச்சி கேட்டாள்: "ஏல, எல்லாச் சாமியையும் ஒரே நாள்ல பாத்துரணும்னு ஒனக்கு எவம்ல சொன்னான்?"

அன்றைக்குப் பிறகு நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு சாலை, அதில் மூன்று இடம், கையில் உபரியாக ஒன்று. அந்தக் கணக்கில் திருநெல்வேலியிலிருந்து கிழக்கே, தாமிரபரணியை ஒட்டியே கடல்வரை போய்வருவது எப்படி என்று சொல்கிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

1. ஊரை அல்ல, சாலையைத் தேர்ந்தெடுங்கள்

நெல்லையிலிருந்து மேற்கே போனால் பாபநாசம், குற்றாலம். கிழக்கே போனால் கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், திருச்செந்தூர். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்கக் கூடாது. முதல் பயணத்துக்கு நான் கிழக்கைத்தான் சொல்வேன். மலைப்பாதை கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது, பிள்ளைகளுக்கு வாந்தியும் வராது. வனத்துறைச் சோதனைச்சாவடியில் காத்துக் கிடக்கவும் வேண்டாம்.

நம் வழி இது: பாளையங்கோட்டை, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு. போக வர சுமார் 160 கிலோமீட்டர். இதில் கிருஷ்ணாபுரம், ஆழ்வார்திருநகரி, மணப்பாடு மூன்றும் கட்டாயம். ஆதிச்சநல்லூர் உபரி, நேரம் இருந்தால் பார்க்கலாம்.

திருச்செந்தூரை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பீர்கள். விடவில்லை, தள்ளி வைத்திருக்கிறேன். அங்கே வரிசை ஒரு மணி நேரமும் ஆகும், ஐந்து மணி நேரமும் ஆகும். விசாகம், கந்த சஷ்டி, பௌர்ணமி என்றால் காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி நாள் போய்விடும். முருகனைப் பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு நாள் நெல்லையிலிருந்து ரயிலில் போய்விடுங்கள். இந்தப் பயணத்தில் ஊர் ஓரமாகக் கடந்து போகிறோம், அவ்வளவுதான்.

2. கடிகாரத்தை மத்தியானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தி, மாலையில்தான் திறக்கும். ஆக, கோயில் எல்லாம் பன்னிரண்டுக்கு முன்னால், கடல் அதற்குப் பின்னால். ஆழ்வார்திருநகரியில் ஒரு மணி நேரமாவது வேண்டும் என்றால் பத்தே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆதிச்சநல்லூரில் முக்கால் மணி நேரம், கிருஷ்ணாபுரத்தில் ஒரு மணி நேரம். இப்படியே பின்னோக்கி வந்தால் வீட்டிலிருந்து ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் மற்றவர்களிடம் "ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்" என்று சொல்லுங்கள்.

சாலைக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். மேப் அதைவிடக் குறைந்த நேரம் காட்டும், நம்ப வேண்டாம். ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கிறது, பாதிக்குமேல் வெள்ளைக்கோடு அழிந்து கிடக்கும்.

எந்த மாதம்? பதநீர் கிடைக்கும் கோடை நல்ல காலம்தான், வெயிலைத் தாங்கிக்கொண்டால். ஜனவரி, பிப்ரவரி இன்னும் சுகம், ஆனால் தைப்பூசத்தை ஒட்டிப் பாதயாத்திரைக்காரர்கள் சாலையோரம் நடந்து வருவார்கள், பார்த்துப் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் முந்தின நாள் வானிலை அறிவிப்பைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பகுதியில்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள்.

3. எந்த வண்டி?

இருக்கிற வண்டி போதும். ஐந்து பேர் என்றால் ஸ்விஃப்ட், வேகன் ஆர் அளவு தாராளம். முழங்கால் வலி இருக்கும் ஆச்சி, தாத்தாவுக்கு வேகன் ஆர் மாதிரி உயரமான வண்டிதான் வசதி. குனிந்து சீட்டுக்குள் விழ வேண்டாம், திரும்பி அப்படியே உட்கார்ந்துகொள்ளலாம். டிக்கியும் 341 லிட்டர். ஆனால் சிஎன்ஜி என்றால் சிலிண்டரே டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்.

ஏழு பேர் என்றால் எர்டிகா, ட்ரைபர் என்று யோசிப்போம். ஒன்றைக் கவனியுங்கள்: மூன்றாவது வரிசையை நிமிர்த்தி வைத்தால் எர்டிகாவில் 209 லிட்டர்தான் மிச்சம், ட்ரைபரில் 84. அதாவது ஏழு பேரும் ஏறினால் ட்ரைபரில் ஒரு சாப்பாட்டுக் கூடை வைக்கலாம், அவ்வளவுதான். ஒருநாள் பயணத்துக்கு அதுவே போதும், ராத்தங்கலுக்குப் போதாது. ட்ரைபரின் 1 லிட்டர் எஞ்சினுக்கு ஏழு பேரோடு ஏசி போட்டால் மூச்சு வாங்கத்தான் செய்யும். இந்தச் சமவெளியில் சமாளித்துவிடலாம். எர்டிகாவின் 1.5 லிட்டருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வருஷத்தில் இரண்டு தடவை ஏழு பேர் போவதற்காக ஏழு சீட்டு வண்டி வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. அந்த இரண்டு நாளும் டிரைவரோடு டாக்சி எடுத்துக்கொள்வது மலிவு.

வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவதென்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையாகச் சுயமாக ஓட்ட வாடகைக்கு விடும் வண்டி. தெரிந்தவர் வெள்ளைப் பிளேட் வண்டியைக் காசுக்குத் தருகிறார் என்றால் வேண்டாம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

செலவு? ஆள் நிறைய, ஏசி போட்டு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தால் 160 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் போகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,100 ரூபாய்.

4. முந்தின நாள் சாயங்காலம்: ஸ்டெப்னி

எல்லாரும் நாலு டயரைப் பார்ப்பார்கள், ஐந்தாவதை மறந்துவிடுவார்கள். குரும்பூர் தாண்டி எனக்கு ஒரு தடவை பின் டயர் பஞ்சர். டிக்கியில் இருந்த சாப்பாட்டு மூட்டை, பந்து, குடை எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கி, கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னியை எடுத்தால், கட்டைவிரலால் அமுக்கினாலே உள்ளே போகிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதற்குக் காற்றே அடிக்கவில்லை. அந்த வழியாக வாழைத்தார் ஏற்றி வந்த மினி லாரிக்காரர் ஒருவர் என்னையும் டயரையும் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடையில் இறக்கிவிட்டார்.

ஆகவே பெட்ரோல் பங்கில் ஐந்து டயருக்கும் காற்றைப் பாருங்கள். எவ்வளவு என்று காற்றடிப்பவரிடம் கேட்காதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இரண்டு பேருக்கு ஓர் அளவு, முழுப் பாரத்துக்கு ஓர் அளவு என்று போட்டிருப்பார்கள். நாளைக்கு முழுப் பாரம். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளந்தால்தான் சரியான கணக்கு.

ஸ்டெப்னி மாற்றத் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எதிர்ப்பக்க டயருக்கு ஒரு கல் முட்டுக்கொடுங்கள். ஜாக்கி வைப்பதற்கு முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளைப் பாதி தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுற்றும், வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவும். புது டயரை மாட்டி நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முடுக்குங்கள், வரிசையாக அல்ல. வண்டியை இறக்கியபின் ஒரு கடைசி முடுக்கு.

லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நாலும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், மீறினால் 1,000 ரூபாய் அபராதம். முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதை மட்டும் யார் அழுதாலும் அனுமதிக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் முதல் அடி அந்தக் குழந்தைக்குத்தான்.

5. கட்டுச்சோறு

இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி, வாட்டின வாழையிலையில் கட்டிவிடுங்கள், காலைக்கு அது. மத்தியானத்துக்குப் புளியோதரை, தயிர்ச்சோறு. தயிர்ச்சோற்றைப் பாலூற்றிப் பிசைந்து கொஞ்சமாகத் தயிர் விட்டால் மத்தியானம் புளிக்காது. நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு துண்டு தனியாக, வயிற்றைப் புரட்டுகிறது என்பவர்களுக்கு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பழைய துண்டு, குப்பைக்கு ஒரு பை.

6. வழியில்

கிருஷ்ணாபுரத்தில் வெங்கடாசலபதி கோயில். சாமி கும்பிட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள், வந்ததே மண்டபத்துச் சிலைகளுக்காக. நாயக்கர் காலத்தவை. இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகும் குறவன், நாகாஸ்திரத்தோடு கர்ணன், அன்னத்தின்மேல் ரதி. பிள்ளைகளிடம் "இந்தச் சிலையில் நகம் எங்கே, நரம்பு எங்கே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டால் அரைமணி நேரம் அவர்களாகவே பார்ப்பார்கள்.

அறுவடை சமயம் என்றால் அடுத்த சில கிலோமீட்டரில் சாலையில் நெல்லோ வைக்கோலோ காயும். வைக்கோலின்மேல் ஏற்றாமல் சுற்றிப் போங்கள், வழியில்லாமல் ஏற்றினால் நிறுத்தி அடியில் சிக்கியதை உருவி எடுங்கள். சூடான சைலன்சரில் பட்டுப் புகைய ஆரம்பித்தால் வண்டிக்கே ஆபத்து.

ஆதிச்சநல்லூரில் வெளியே பார்த்தால் வெறும் செம்மண் மேடுதான் தெரியும். 114 ஏக்கர் பரம்பு. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் தோண்டினார், பிறகு 1899-இல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அந்தக் காலத்தில் இறந்தவர்களைத் தாழி தாழியாகப் புதைத்திருந்தார்கள். 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தரைமேல் நின்று குனிந்தால், கிடந்த இடத்திலேயே தாழிகளைப் பார்க்கலாம். என் சின்னவள் கண்ணாடியில் கால் வைக்கவே மாட்டேன் என்றாள், ஆச்சிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

ஆழ்வார்திருநகரி நம்மாழ்வாரின் ஊர், பழைய பெயர் குருகூர். அவர் தங்கியிருந்ததாகச் சொல்லும் புளியமரம் ஆதிநாதர் கோயிலுக்குள் இன்றும் இருக்கிறது. இலை இரவிலும் மூடாது என்பதால் உறங்காப்புளி என்பார்கள். பன்னிரண்டுக்கு வெளியே வந்து, ஆற்றங்கரைப் பக்கம் நிழல் பார்த்துச் சோற்று மூட்டையைப் பிரிக்கலாம். சாப்பிட்டதும் ஓட்டக் கூடாது. இருபது நிமிஷம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

7. மணப்பாடு, மணல்

திருச்செந்தூரைத் தாண்டியதும் நிறம் மாறும், பனையும் சிவந்த தேரி மணலும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, வாங்குவதென்றால் இந்தப் பக்கம்தான். ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்போடு லேசாகக் கரிக்க வேண்டும். வெல்லம் மாதிரி வெறும் இனிப்பு மட்டும் இருந்தால் சீனி கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில். 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அதன் கீழே. நான்கு மணிக்கு மேல் காற்று குளிர்ந்துவிடும். செப்டம்பர் முதல் பாதியில் திருவிழா, அப்போது கூட்டம்.

இங்கே புதிதாக ஓட்டுபவர்கள் செய்யும் தவறு, படம் எடுக்க நன்றாக இருக்கிறதே என்று வண்டியை மணலில் இறக்குவது. இறக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டிக்கொண்டே போகும். எல்லாரையும் இறக்கிவிட்டு, முன் சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாருங்கள். காருக்குள் கிடக்கும் மிதியடிகளைக் கவிழ்த்து டயருக்கு அடியில் செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கரையில் வலை பிரிப்பவர்களைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். இருட்டியபின் இந்தச் சாலையில் லைட் இல்லாத சைக்கிளும் மாடும் எதிரே வருகிற ஹைபீமும்தான் தொல்லை. எதிர் வெளிச்சம் கண்ணைக் கூசினால் இடப்பக்கத்து வெள்ளைக்கோட்டை, அது அழிந்திருந்தால் சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள்.

மறுநாள் வாட்டர் வாஷுக்கு விட்டால் அடிப்பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள், உப்புக்காற்றுக்கு. மிதியடியை உதறினால் சிவப்பு மணல் கொட்டும். எங்கள் வண்டியில் சீட்டுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது.