பழைய ஸ்டேஷன் வேகனை வீட்டிலேயே பராமரிக்கலாம்: பின்கதவிலிருந்து ஆரம்பியுங்கள்

கூரை பின்கதவு வரை நீண்டு, சாமான் வைக்கும் இடமும் உள்ளேயே இருக்கும் கார்தான் ஸ்டேஷன் வேகன். நம் நாட்டில் வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1992ல் டாடா எஸ்டேட், 2004ல் இண்டிகோ மரினா, நடுவிலும் அக்கம்பக்கத்திலுமாக பலேனோ அல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஆக்டேவியா காம்பி. எதுவும் பெரிதாக விற்கவில்லை. ஆனாலும் பெங்களூரில் அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் வீட்டு வாசலில் ஒன்றிரண்டு இன்னும் நிற்கத்தான் செய்கின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை, தேங்காய், பாட்டியின் சக்கர நாற்காலி எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிக்கொள்ள இதைவிட வசதியான வண்டி கிடையாது.

இந்த வண்டிகளைப் பார்த்துக்கொள்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மரினாவின் முன்பாதி இண்டிகோ, அல்டுராவின் முன்பாதி பலேனோ. அதனால் முன்பக்கச் சாமான் ஏதாவது ஒரு கடையில் கிடைத்துவிடும். பின்பாதி அப்படியில்லை. பின்கதவுக் கண்ணாடி, டெயில் லேம்ப், ரப்பர் பீடிங் எல்லாம் அந்த மாடலுக்கென்றே செய்தவை. போனால் தேடித் தேடி அலைய வேண்டியதுதான். மெக்கானிக்குகளோ பானெட்டைத் திறந்து பார்ப்பதோடு சரி. எனவே நாம் பின்னாலிருந்து தொடங்குவோம்.

வேலைக்கு முன்

சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் செய்வதானால் செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எண்ணெய்க் கறை விழுந்தால் ஆறு மாதம் பேசுவார்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள்.

8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர்கள், நல்ல டார்ச், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஜாக் ஸ்டாண்டு இரண்டு. ஆரம்பத்துக்கு இது போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு வாங்காதவர்கள் அடியில் போகிற வேலையை எடுக்கவே வேண்டாம்.

படி 1: பின்கதவு

கதவை முழுவதும் தூக்கிவிட்டுக் கையை எடுங்கள். தானாக நிற்கிறதா? மெல்ல இறங்கினால் அதைத் தாங்கும் இரண்டு கேஸ் ஷாக்குகளும் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம். காலைக் குளிரில் மட்டும் இறங்கினாலும் இதே கதைதான். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் குளிரில் இன்னும் குறையும்.

மாற்றுவது சுலபம். முதலில் கதவுக்கு ஒரு உறுதியான கட்டையை முட்டுக் கொடுங்கள். ஷாக்கின் இரு முனையிலும் உருண்டையான மூட்டைக் கவ்விப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பைச் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தூக்கி, ஷாக்கை வெளியே இழுத்தால் வந்துவிடும். அதே மாடலுக்குப் புதிது கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பழைய ஷாக்கின் மேல் நியூட்டன் கணக்கில் அதன் விசையை அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணும், விரிந்த நிலையில் அதன் நீளமும், முனையின் வகையும் பொருந்தினால் வேறு வண்டியின் ஷாக்கும் சேரும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பழையதைத் துளைக்கவோ நெருப்பில் போடவோ கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கும்.

அடுத்தது, கூரைக்கும் கதவுக்கும் நடுவே போகும் ரப்பர் குழாய். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அதற்குள் இருக்கும் ஒயர்கள் அதே இடத்தில்தான் மடங்குகின்றன. பின் வைப்பர் நின்றுபோவது, நம்பர் பிளேட் விளக்கு கதவை ஆட்டினால் எரிந்து அணைவது, கண்ணாடியின் பனி நீக்கும் கம்பி சூடாகாதது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இந்த ஒரே இடம்தான் காரணம். வைப்பர் மோட்டார் போய்விட்டது என்று யாராவது சொன்னால், இதைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையை நெம்பி வெளியே எடுங்கள். சில ஒயர்கள் அறுந்து செம்பு தெரியும். சில மேலுக்கு நன்றாகவே இருக்கும், உள்ளே அறுந்திருக்கும். ஒவ்வொன்றையும் இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். அறுந்தது ரப்பர் பேண்டு மாதிரி கொஞ்சம் நீளும், ஏனென்றால் அங்கே மேலுறை மட்டும்தான் மிச்சம். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, அதே கனமுள்ள, நன்றாக வளையக்கூடிய ஒயரில் ஒரு துண்டு சேர்த்து சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போடுங்கள். ஒட்டுகள் மடங்கும் இடத்தில் வராமல், ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றும் வேலை அடுத்த மழைக்குத் தாங்காது.

படி 2: ஸ்டெப்னி குழி

பின்பக்கத் தரை விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, குழிக்குள் டார்ச் அடியுங்கள். தண்ணீர் தேங்கியிருக்கிறதா, துருக் கோடு தெரிகிறதா, பூசணம் வாசனை வருகிறதா? பெங்களூரில் மே மாத இடிமழையில் ஆரம்பித்து அக்டோபர் வரை நனைகிற வண்டிக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். குழியின் அடியில் ரப்பர் மூடி இருந்தால் அதைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்காமல் சிலிக்கான் பூசிப் பயனில்லை. சந்தேகிக்க வேண்டிய இடங்கள்: டெயில் லேம்ப் கேஸ்கெட், கதவைச் சுற்றியுள்ள பீடிங், கூரைக் கம்பியின் போல்ட்டுகள், பின் கண்ணாடிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய குழாய். இந்தக் கடைசி ஆள்தான் கில்லாடி. முன்னால் இருக்கும் தொட்டியிலிருந்து கூரை ஓரமாகப் பின்னால் வரை ஓடுவதால், எங்கே விட்டுப்போனாலும் மழை பெய்யாத நாளில்கூடத் துணிக்கூரை நனைந்திருக்கும்.

சோதிக்கும் முறை இது. உள்ளே நன்றாகத் துடைத்துவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், மற்றவர் வெளியே கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடட்டும். மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது. ஒழுகும் இடத்தில் பவுடரில் கோடு விழும்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் பெயிண்ட். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிற அளவுக்கு அரித்திருந்தால் வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

பீடிங்குக்கு இன்னொரு சோதனை. ஒரு காகிதத் துண்டை நடுவில் வைத்துக் கதவை மூடி, இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அங்கே பீடிங் செத்துவிட்டது. தண்ணீர் மட்டுமல்ல, சைலன்சர் புகையும் அந்த வழியாக உள்ளே வரும். நீளமான சாமானை ஏற்றிவிட்டு, பின்கதவைக் கயிற்றால் கட்டி அரைகுறையாகத் திறந்தபடி ஓட்டும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று புகையை உள்ளே இழுக்கும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். அந்த வேலைக்கு ஒரு டெம்போவைக் கூப்பிடுங்கள்.

படி 3: சுமையும் பின்சக்கரமும்

காலி வண்டியில், சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறித்து வையுங்கள். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். பின் மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். ஊஞ்சல் ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

காற்று அழுத்தம் ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். முழுச்சுமைக்கு என்று பின்சக்கரத்துக்குத் தனி அளவு இருந்தால், ஊருக்குக் கிளம்புமுன் அதைப் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வயது டயரில் குடும்பத்தை ஏற்ற வேண்டாம்.

பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக, எண்ணெய்ப் பசையாக இருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் நிறைய சாமானோடு போகும்போது இது தெரியவந்தால் தாமதம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் சூட்டில் கொதித்து மிதி பஞ்சு போல இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

படி 4: ஸ்டார்ட் ஆகவில்லை

சரி, இப்போது பானெட். சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள்.

ஒன்றுமே இல்லை, டேஷ்போர்டு விளக்கும் இல்லை: பேட்டரி டெர்மினல் அல்லது மெயின் ஃபியூஸ்.

டிக்டிக்டிக் என்று வேகமாகச் சத்தம்: பேட்டரியில் தெம்பில்லை, அல்லது டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

ஒரே ஒரு டக், விளக்கு மங்கவில்லை: செல்ஃப் மோட்டாரோ அதன் ஒயரோ எர்த்தோ.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் ஓரிரு விநாடி பம்ப் முனகும். முனகல் இல்லையென்றால் அதன் ஃபியூஸ், ரிலேயிலிருந்து தேடுங்கள். டீசலில் ஃபில்டரில் தண்ணீர், லைனில் காற்று. டிசம்பர் காலை என்றால் க்ளோ பிளக் (குளிரில் டீசல் பற்றிக்கொள்ளச் சூடேற்றும் பிளக்).

மல்டிமீட்டரில் பார்த்தால் ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2க்குக் கீழே போனால் சார்ஜ் தேவை. இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13ஐத் தாண்டவில்லையென்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், ஆல்டர்நேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். டெர்மினல் பூப்புக்குச் சமையல் சோடா கலந்த வெந்நீர், அப்புறம் வாசலின். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

புது பேட்டரியும் ராத்திரியோடு ராத்திரியாக இறங்குகிறதா? திரும்பவும் பின்னால் போங்கள். சாமான் பகுதி விளக்கு கதவை மூடியும் அணையாமல் இருக்கலாம். போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து, கதவை மூடி ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் சுவிட்ச்தான் குற்றவாளி.

படி 5: சில்க் போர்டு நெரிசலில் இன்ஜின் சூட்டு முள் ஏறினால்

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரம் கட்டுங்கள். வேர்க்கும், பரவாயில்லை. ரேடியேட்டர் மூடியை நன்றாக ஆறும்வரை தொடக்கூடாது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெறும் தண்ணீர் இங்கே 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் கூலண்ட்டும்தான். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், விலை குறைவு. கூலண்ட்டோடு டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி கலக்குங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வீட்டுக் குழாயில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

ஏசியைப் போட்டால் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். வெளியே ஒழுகாமலே கூலண்ட் குறைகிறது, ஆயில் மூடியின் உள்ளே பால் நிறத்தில் படிந்திருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அது வீட்டு வேலை அல்ல.

இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க வைக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியை வாங்கினால் முதல் செலவே அதுவாக இருக்கட்டும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து, வண்டியின் விலைக்கே செலவு வைக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வயது வண்டிகளின் பெட்ரோல் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல. விரலால் வளைத்துப் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்கள் வைப்பருக்குக் கீழே சேரும் இலையை வாராவாரம் அள்ளுங்கள். வடிகால் அடைத்தால் தண்ணீர் கால் வைக்கும் இடத்துக்கு வந்துவிடும்.

சாமான் வாங்க

புதுச் சாமானுக்கு ஜே.சி. ரோடு, பழைய வண்டியிலிருந்து கழற்றியதற்கு சிவாஜிநகர் குஜிரி (பழைய சாமான் சந்தை). இரண்டு இடத்திலும் தமிழில் பேசியே காரியத்தை முடிக்கலாம். பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள், போன் படத்தை நம்பி வாங்கினால் அளவு ஒரு நூல் தவறும். உங்கள் மாடலின் டெயில் லேம்போ பின்கதவு பீடிங்கோ கண்ணில் பட்டால், இப்போது தேவையில்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது விளக்கெல்லாம் எரிந்தாக வேண்டும். ஜே.சி. ரோட்டில் பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. ஞாயிறு வேலை என்றால் சனிக்கிழமையே போய்வந்துவிடுங்கள்.