அட்டையில் ஒரு முகம் போதாது: காமிக்ஸ் பரிந்துரைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் புத்தகத் திருவிழாவில், காமிக்ஸ் அடுக்கியிருந்த அரங்கின் ஓரமாக நின்றுகொண்டிருந்த என்னிடம் ஓர் ஆசிரியை ஒரு தாளை நீட்டினார். சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் இருக்கிறது அவருடைய பள்ளி. ஊராளி, இருளர் வீட்டுப் பிள்ளைகளும், வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகளும், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஏனுங்க, நம்ம பிள்ளைக மாதிரி ஆளுக வர்ற காமிக்ஸ் வேணுமுங்க. இதுல எதையெல்லாம் வாங்கலாமுங்க?" என்றார். தாளில் இருபது பெயர்கள் இருந்தன. இருபதும் ஆங்கிலம், அநேகமாக எல்லாமே அமெரிக்கப் பதிப்புகள்.

பட்டியலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வேறொரு நாட்டில், வேறு பிள்ளைகளை மனத்தில் வைத்து யாரோ போட்ட பட்டியல், அவ்வளவுதான். அங்கே தோலின் நிறம் முதல் கேள்வியாக வருகிறது. இங்கே சாதியும், வீட்டு மொழியும், மேலே மலையா கீழே சமவெளியா என்பதும் அதற்கு முன்னால் வந்து நிற்கின்றன. கோபிசெட்டிபாளையத்தில் பல ஆண்டுகள் வாடகை நூல் நிலையம் நடத்தியவன் நான். சிறுபான்மையினரும் ஓரத்தில் வைக்கப்பட்டவர்களும் கதைமாந்தர்களாக வரும் காமிக்ஸைப் பரிந்துரைப்பதில் எத்தனை தவறுகள் செய்யலாமோ அவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன் என்பதால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரிடம் சொன்னவற்றை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

எல்லோரும் செய்கிற தவறு, அட்டையையும் பெயர்ப் பட்டியலையும் மட்டும் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பது. 1934இல் தொடங்கிய மந்திரவாதி மாண்ட்ரேக் கதைகளில் லொதார் இல்லாத கதை அபூர்வம். ஆப்பிரிக்க இளவரசரான அவர் அரசுரிமையை உதறிவிட்டு மந்திரவாதியின் பின்னால் வருகிறார். பழைய கதைகளில் புலித்தோல் போன்ற ஆடையோடு கொச்சை ஆங்கிலம் பேசிக்கொண்டு, தூக்கு என்றால் தூக்கி, அடி என்றால் அடிப்பதே அவர் வேலை. 1965இல் பிரெட் பிரெடரிக்ஸ் படம் வரைய வந்த பிறகுதான் அவருடைய உடையும் பேச்சும் மாறத் தொடங்கின. ஆகவே "கறுப்பினக் கதைமாந்தர் உண்டு" என்ற ஒற்றை வரி எந்த லொதாரைக் குறிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் ஒரு சிறிய சோதனை இருக்கிறது. புத்தகத்தின் நடுவில் பத்துப் பக்கங்களைப் புரட்டி, எங்கே போவது, யாரை நம்புவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார் என்று பாருங்கள். முகம் எத்தனை கட்டங்களில் வருகிறது என்பதைவிட அது முக்கியம்.

இதே கண்ணோடு நம்முடைய செல்லப்பிள்ளையான டெக்ஸ் வில்லரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டில் சிவகாசி காமிக்ஸ் வெளியீடுகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு 'இரவுக் கழுகார்' டெக்ஸ் வீட்டு மனிதர் போலத்தான். இத்தாலியில் 1948இல் பிறந்த இந்தத் தொடரில் நாயகர் நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் தலைவர் மகள் லிலித்தை மணந்து, பின்னர் அந்த மக்களுக்கே தலைவராகிறார். மகன் கிட் பாதி நவஹோ, நண்பர் டைகர் ஜாக் முழு நவஹோ. பெரியம்மைக் கிருமி ஏறிய போர்வைகளைத் தெரிந்தே விற்றவர்களால் லிலித் இறந்துபோகிறாள் என்பது போன்ற செய்திகளை மழுப்பாமல் சொல்லும் தொடர் இது. ஆனாலும் லிலித் பெரும்பாலும் நினைவாகவும் பழிவாங்குவதற்கான காரணமாகவுமே இருக்கிறாள். நவஹோக்களைக் காப்பாற்றும் தலைவர் ஒரு வெள்ளையர். டைகர் ஜாக் அளந்துதான் பேசுகிறார். எனவே இதை அருமையான சாகசக் கதை என்று தாராளமாகக் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். நவஹோ மக்களைப் பற்றி அறிந்துகொள்ளும் புத்தகம் என்று மட்டும் கொடுக்காதீர்கள்.

இதைவிட மோசமாகப் போன ஒன்றும் உண்டு. மலைக் கிராமத்துப் பள்ளி ஒன்றுக்குப் புத்தகம் சேர்த்துக் கொடுத்த நண்பர் ஒருவர், "காட்டு மக்கள் கதைதானே, அவர்களுக்குப் பிடிக்கும்" என்று ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவி இதழ்களாகக் கட்டி அனுப்பிவிட்டார். 1936இல் தொடங்கிய அந்தத் தொடரின் அமைப்பு நமக்குத் தெரிந்ததுதான்: ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவரின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக ஆப்பிரிக்கக் காட்டைக் காக்கிறார்கள், உண்மை தெரிந்த பந்தார் மக்களைத் தவிர மற்ற குடிகளெல்லாம் அவரைச் சாவே இல்லாத ஒரே மனிதர் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு இதழ்களைப் படித்து முடித்துவிட்டு, "ஏனுங்க சார், அந்தக் காட்டு ஆளுகளுக்கே காட்டுல வழி தெரியாதுங்களா?" என்று கேட்டானாம். தேனெடுக்கப் போகும் தாத்தாவோடு காட்டுக்குள் நடந்து பழகியவன் அவன். காடு வருகிறது என்பதற்காகக் காட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததில், அவனுடைய வீட்டார் செய்யும் வேலையை வெளியூர்க்காரர் ஒருவர் பிடுங்கிக்கொண்ட கதையைத்தான் கொடுத்திருக்கிறோம். பொருத்தமான புத்தகம் அரங்கில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுவது நல்லது. கிட்டத்தட்ட இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதுதான் கெடுதல்.

என் சொந்தத் தவறு ஒன்று. செவிக்கருவி அணிந்த சிறுமி ஒருத்தி என் கடைக்கு வருவாள், நான் அவளுக்கென்றே எல் டெஃபோ என்ற புத்தகத்தை வரவழைத்தேன். சீசீ பெல் தம் இளமைப் பருவத்தை வரைந்து 2014இல் வெளியிட்ட நூல் அது. எல்லோரையும் முயல்களாக வரைந்திருப்பார். நீண்ட காதுகள் உள்ள உயிரினத்துக்குக் காது கேட்கவில்லை என்பதிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. பெரிய பூரிப்போடு எடுத்துக் கொடுத்தேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "பேய்க்கதை இல்லீங்களா?" என்றாள். நாள் முழுவதும் காதில் மாட்டிக்கொண்டு திரியும் ஒன்றையே பொழுதுபோக்குக்கும் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்தப் புத்தகத்தை விரும்பி எடுத்துப் போனவன் அவளுடைய அண்ணன். கருவியின் மின்கலம் தீர்ந்துகொண்டே வரும்போது பேச்சுக்குமிழிக்குள் இருக்கும் எழுத்துகள் வெளிறி வெளிறிக் கடைசியில் குமிழி வெறுமையாகும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கத்துக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் அடையாளத்தைப் பார்த்து அதே அடையாளமுள்ள புத்தகத்தை நீட்டுவதைக் காட்டிலும், என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, இந்தப் புத்தகங்களை எல்லோர் கைக்கும் எட்டுகிற தட்டில் வைத்துவிடுவதே மேல்.

மாற்றுத்திறனாளிகள் வரும் கதைகளில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பேட்மேன் கதைகளில் பேட்கேர்லாக இருந்த பார்பரா கார்டன் 1988இல் வந்த ஒரு கதையில் சுடப்பட்டு நடக்க முடியாதவராகிறார். அந்தக் கதையில் அவருடைய துன்பம் ஆண்களின் மோதலுக்கு ஒரு தூண்டுகோல் மட்டுமே. அடுத்த ஆண்டே ஜான் ஆஸ்ட்ரண்டரும் கிம் யேலும் அவரை ஆரக்கிள் என்ற பெயரில் மீட்டுக்கொண்டு வந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணினி வழியாகத் தகவல் திரட்டி, மற்ற வீரர்களெல்லாம் அவருடைய குரலுக்குக் காத்திருக்கும் அளவுக்கு அவர் வளர்ந்தார். 2011இல் அந்தக் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியபோது அவர் மறுபடியும் எழுந்து நடக்கும் பேட்கேர்லானார், மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலர் அதை ஓர் இழப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். "பார்பரா கார்டன் கதை" என்று பொதுவாகச் சொன்னால், இந்த மூன்றில் எது வாசகரின் கைக்குப் போய்ச் சேரும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆண்டையும் தொகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மைல்ஸ் மொரேல்ஸ் 2011இல் வேறொரு கதையுலகில் ஸ்பைடர்மேனாகத் தொடங்கியவர். மிஸ் மார்வெல் என்ற பெயரில் கமலா கானுக்கு முன்னால் கேரல் டான்வர்ஸ் இருந்தார். தொகுதி எண் தவறினால் ஆளே மாறிப்போகும்.

கமலா கானைச் சொன்னதால் துன்பக் கதைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிய புத்தகம் என்றாலே அடி, அவமானம், கண்ணீர் என்றுதான் இருக்க வேண்டும் என்று பரிந்துரைப்பவர்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. கசாயம் கொடுப்பதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நீட்டுவார்கள். 2014இல் ஜி. வில்லோ வில்சன் எழுதி ஏட்ரியன் அல்போனா வரைந்த தொடரின் தொடக்கத்தில், ஜெர்சி நகரத்துப் பாகிஸ்தானிய வீட்டுப் பெண்ணான கமலா, கடையில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைக் குனிந்து மோந்து பார்க்கிறாள். தின்ன மாட்டாள், வாசனை மட்டும் போதும். வீட்டு வழக்கத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை யாராக இருந்தாலும் இந்தக் கட்டத்தில் சிரித்துவிடும். சுத்த சைவ வீட்டிலிருந்து வந்து பள்ளி வாசலில் முட்டை பப்ஸை ஓரக்கண்ணால் பார்க்கும் பையனும் சிரிப்பான்.

அதற்காகத் துன்பத்தைச் சொல்லும் நூல்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றையும் கலையாகக் காட்டிக் கொடுங்கள் என்கிறேன். 2011இல் வந்து தமிழிலும் கிடைக்கும் பீமாயணம், அம்பேத்கரின் வாழ்வில் தண்ணீரும் தங்குமிடமும் பயணமும் மறுக்கப்பட்ட நிகழ்ச்சிகளைச் சொல்கிறது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் வழக்கமான சதுரக் கட்டங்களைக் கைவிட்டுவிட்டார்கள். மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க விருப்பமில்லை என்பது அவர்கள் எண்ணம். இதமான பேச்சு பறவை வடிவக் குமிழியில் வருகிறது, சாதி கக்கும் பேச்சுக்குத் தேளின் கொடுக்கு முளைத்த குமிழி. கொடுக்கும்போது "இதில் யார் வாயில் தேள் இருக்கிறது என்று பார்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் ஒவ்வொரு பக்கமாகத் தேள் தேடுவார்கள், தேடிய இடத்திலெல்லாம் படித்தும் விடுவார்கள்.

முன்னே சொன்ன பத்துப் பக்கச் சோதனைக்கு விதிவிலக்கும் உண்டு. ஜீன் லுவன் யாங் 2006இல் வெளியிட்ட அமெரிக்கன் பார்ன் சைனீஸ் நூலில், மஞ்சள் தோலும் துருத்திய பல்லும் பின்னல் சடையுமாக ஒரு சீனப் பாத்திரம் வருகிறது. அந்தப் பக்கங்களை மட்டும் புரட்டியவர் இது இழிவுபடுத்தும் நூல் என்று மூடி வைத்துவிடுவார். அந்த இழிவைத் தூக்கிக் காட்டத்தான் ஆசிரியர் அப்படி வரைந்தார் என்பது மூன்று கதைகளும் ஒன்றாகச் சேரும் கடைசிப் பகுதியில்தான் விளங்கும். நையாண்டி இருக்கும் நூலை முழுக்கப் படிக்காமல் பரிந்துரைக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. பழைய அமர் சித்திரக் கதைகளில் அசுரர்களுக்குக் கறுப்பும் நாயகர்களுக்கு வெளுப்பும் பூசியிருப்பது இந்த வகையில் சேராது. அது நையாண்டி அல்ல, வழக்கம். அதைக் கொடுக்கும்போது பிள்ளைகளிடம் நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடலாம்.

படம் இருந்தாலே குழந்தைப் புத்தகம் என்று நினைப்பது பழைய தவறு, இன்னும் ஒழிந்தபாடில்லை. மர்ஜானே சத்ரபியின் பெர்சபோலிஸ் நூலைக் கோவை விடியல் பதிப்பகம் தமிழில் கொண்டுவந்தது. ஈரானில் ஒரு சிறுமி வளர்ந்த கதை என்பதால் நான்காம் வகுப்புக்கு வாங்கிப் போனவர்களை நான் அறிவேன். சிறையில் நடந்த சித்திரவதைகளைப் பெரியவர்கள் பேசும்போது சிறுமி காதில் வாங்கிக்கொண்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்ட மனிதரை உடைந்த பொம்மையைப் போலக் கற்பனை செய்யும் கட்டம் அதில் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் மிக எளிமையாக வரைந்திருப்பதாலேயே அது நெஞ்சில் நின்றுவிடும். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கொடுக்கலாம். அம்ருதா பாட்டீல் 2008இல் வெளியிட்ட கரி, பெண்ணை நேசிக்கும் பெண்ணின் கதை. தற்கொலை முயற்சியிலிருந்து தொடங்குகிறது. கல்லூரி நூலகத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

விலையையும் கிடைப்பதையும் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை: அலமாரிக்கு வர முடியாத புத்தகத்தைப் பரிந்துரைத்துப் பயனில்லை.

அந்த ஆசிரியை கடைசியில் பீமாயணத்தில் இரண்டு பிரதியும் டெக்ஸ் கதைகளில் மூன்றும் எடுத்துக்கொண்டார். தாளில் இருந்த இருபதில் கமலா கானுக்கு மட்டும் வட்டம் போட்டு, எந்தத் தொகுதி என்று என்னையே எழுதித் தரச் சொன்னார். ஒடிய மொழியில் படக்கதை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, திருப்பூரில் வேலை செய்யும் தெரிந்தவர்கள் ஊருக்குப் போகும்போது வாங்கிவரச் சொல்லுங்கள் என்றேன். ஓரிரு பிள்ளைகளின் தகப்பனார்களிடமே சொல்லிவிடுவதாகச் சொன்னார். பணம் கட்டும்போது பெர்சபோலிஸையும் எடுத்துத் தனியாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இது பள்ளிக்கூடத்துக்கு இல்லீங்க, எனக்கு" என்றார்.