தீவுப் பயணத்துக்குக் கிளம்பும் முன் டேங்கின் அடியைப் பாருங்கள்

போன வாரம் பக்கத்துப் படகில் ஒரு இளம் தம்பதி சோலார் பேனல் பொருத்திக்கொண்டிருந்தார்கள். 6 மாதம் தீவு தீவாகப் போகப்போகிறார்களாம். டீசல் டேங்கைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஃபில்டர் புதுசா மாத்தியாச்சுங்க. இன்ஜினும் ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகுது" என்றார் அவர்களில் ஒருவர். முதல் நீண்ட பயணத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். லைஃப் ஜாக்கெட், பாஸ்போர்ட், வானிலை அறிக்கை எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். செய்யக்கூடாத தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், டேங்க்தான் முதலில்.

டேங்கைத் திறக்காமல் கிளம்புவது

இரண்டு நாள் நல்ல காற்று, குலுக்கும் கடல். மூன்றாம் நாள் மாலை ஒரு பவளத்தீவின் வாய்க்கு, அதாவது பாறைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் இடைவெளிக்கு, வந்தோம். இரண்டு பக்கமும் பாறைமேல் அலை உடைந்துகொண்டிருந்தது. பாய்களைச் சுருட்டிவிட்டு இன்ஜினைப் போட்டேன். 10 நிமிடம் ஓடியது. அப்புறம் சத்தம் தாழ்ந்தது, ஏறியது, மறுபடி தாழ்ந்தது, நின்றே போனது. முன்பாயைச் சட்டென்று விரித்துப் படகைத் திருப்ப இடம் இருந்ததால் தப்பித்தோம். அந்த இரவு முழுக்க வெளிக்கடலிலேயே கிடந்தோம்.

காலையில் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக, வழுவழுவென்று கூழ். புதியதைப் போட்டேன், 20 நிமிடத்தில் அதுவும் அடைத்தது. கையில் இருந்ததே 2 ஃபில்டர்தான். தண்ணீர் போய், டீசலை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் இன்ஜெக்‌ஷன் பம்பும் கெட்டிருந்தது. அதை மாற்றி மறுபடி கிளம்ப 3 வாரம் ஆனது. அந்தப் பருவத்தில் பாதித் தீவுகளைப் பார்க்காமலே திரும்பினோம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அரை நாள் வேலையில் இதைத் தவிர்த்திருக்கலாம்.

நடப்பது இதுதான். பாதி காலியாக நிற்கும் டேங்கின் சுவரில் ஈரம் வியர்த்து இறங்கும். மேல்தளத்து டீசல் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைநீரும் சேரும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கிவிடும். இரண்டும் தொடும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து படலம் கட்டும். துறையில் படகு ஆடாமல் நிற்கும்வரை அது அடியிலேயே படிந்திருக்கும், இன்ஜினும் ஒழுங்காக ஓடும். கடல் குலுக்கியதும் எல்லாம் கலங்கி ஒரே நேரத்தில் ஃபில்டருக்கு வரும். அதாவது, இன்ஜின் கட்டாயம் தேவைப்படும் நேரத்தில்தான் அது நிற்கும்.

டேங்கின் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கை நுழையும் மூடி இல்லையென்றால் ஒன்று வெட்டிப் பொருத்துங்கள். டேங்குக்குள் தடுப்புகள் இருந்தால் ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி வேண்டும். தாழ்ந்த மூலையிலிருந்து கைப்பம்பால் கொஞ்சம் இழுத்து, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தெளிவாக ஒரு கோடு விழுந்தால் அது தண்ணீர். கறுப்பாகத் துகள் மிதந்தால் டேங்க் முழுவதையும் காலிசெய்து, உள்ளே துடைத்தே ஆகவேண்டும். கிருமிக்கொல்லி மருந்தை முதலில் ஊற்றாதீர்கள். செத்த படலம் பிய்ந்து வந்து ஃபில்டரைத்தான் அடைக்கும். துடைத்த பிறகு ஊற்றுவதே சரி.

ஃபில்டரை இரண்டாக்கி, நடுவில் மாற்று வால்வு வையுங்கள். ஒன்று அடைத்தால் கைப்பிடியைத் திருப்பினால் போதும், இன்ஜின் நிற்காது. குறைந்தது 10 உதிரி ஃபில்டர் எடுத்துச் செல்லுங்கள். பீப்பாயிலிருந்து டீசல் பிடிக்க நேரும் தீவுகளில் ஃபில்டர் வைத்த புனல் இல்லாமல் ஒரு லிட்டர்கூட ஊற்றாதீர்கள். ஃபில்டரை மாற்றும்போது டீசல் குழாயில் புகும் காற்றை வெளியேற்றும் வேலையைத் துறையிலேயே நாலைந்து தடவை செய்து பழகுங்கள். எந்தத் திருகுக்கு எந்த ஸ்பேனர் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, நல்ல அலை இருக்கும் ஒரு நாளில் வெளியே போய் 4 மணி நேரம் இன்ஜினை ஓட்டுங்கள். அமைதியான நீரில் ஓட்டிப் பார்ப்பது சோதனையே ஆகாது.

நங்கூரச் சங்கிலிக்கு ஆழத்தை மட்டும் கணக்குப் போடுவது

ஆழமானி 5 மீட்டர் காட்டுகிறது, அதில் 5 மடங்கு சங்கிலி விட்டால் போதும் என்று 25 மீட்டரோடு நிறுத்திவிடுகிறார்கள். படகின் முன்முனை நீரிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், ஏறப்போகும் ஓதம் இன்னொரு ஒன்றரை மீட்டர். ஆக 8 மீட்டர், விட வேண்டியது 40. காற்று ஏறினால் 7 மடங்கு, அதாவது 56 மீட்டர். சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் படகோடு கயிற்றால் கட்டுங்கள், அந்தக் கயிறு மேல்தளம்வரை வரட்டும். நள்ளிரவில் நங்கூரத்தை விட்டுவிட்டு ஓட நேர்ந்தால் கத்தியால் ஒரே வெட்டில் முடிய வேண்டும்.

ஜிபிஎஸ் திரையைப் பார்த்துக்கொண்டே பவளப்பாறைக்குள் நுழைவது

சில தீவுக்கூட்டங்களின் வரைபடங்கள் இன்னும் 19ஆம் நூற்றாண்டு அளவீட்டில் நிற்கின்றன. ஜிபிஎஸ் சரியாக இருந்தாலும் வரைபடத்தில் பாறை தள்ளி இருக்கலாம். சூரியன் உயரத்தில், முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது மட்டும் நுழையுங்கள். போலராய்டு கண்ணாடியோடு ஒருவர் முன்முனையில் நிற்கட்டும்.

குடிநீர் முழுவதும் ஒரே டேங்கில்

வேண்டாம். கேன்களிலும் கொஞ்சம் பிரித்து வையுங்கள்.

மரக்கட்டைகளைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது

படகின் அடியில் உள்ள ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளையை அடைக்கும் அளவான கூம்பு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் பிய்ந்துவிட்டால் இருட்டில், முழங்கால் நீரில் நின்றுகொண்டு பெட்டியைத் தேட முடியாது.