இலையுதிர்கால வார இறுதி: நண்பர்களோடு கிளம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் சுடாது, கூட்டம் குறைந்திருக்கும், மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். நண்பர்களோடு வெளியே போக இலையுதிர்காலத்தைவிட நல்ல பருவம் இல்லை என்பேன். ஆனாலும் பல வார இறுதிகள் பாதியிலேயே கெட்டுப்போகின்றன. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கோடைக்குப் போடுகிற மாதிரியே திட்டம் போட்டுவிடுகிறோம். கோடையில் பகல் நீளம், தாமதமாகக் கிளம்பினாலும் சமாளிக்கலாம். இலையுதிர்காலம் அந்த வசதியைத் தராது.

வெளிச்சம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வடகோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் (தென்கோளத்தில் இலையுதிர்காலம் மார்ச்சில் தொடங்கும்), அந்த நாட்களையொட்டித்தான் பகல் மிக வேகமாகக் குறுகும். 50 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரே வாரத்தில் 25 நிமிடம் போல வெளிச்சம் போய்விடும். போன மாதம் மாலை ஏழு மணிவரை சுற்றினோமே என்று நினைத்துக்கொண்டு அதே பாதையில் போனால், திரும்பும்போது நிச்சயம் இருட்டிவிடும். அப்புறம் கடிகார மாற்றம் வேறு: ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் நவம்பர் முதல் ஞாயிறு, ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சூரியன் மறைவது கடிகாரப்படி ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும்.

அதனால் கிளம்பும் நேரத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள். சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்கு நடுவிலும் அதற்கும் முன்பே இருட்டிவிடும் என்பதால் இன்னொரு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். ‘இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம்’ என்று காலையிலேயே எல்லோரும் பேசி முடிவு செய்துவிட வேண்டும். மாலை நான்கு மணிக்கு, எல்லோரும் களைத்த பிறகு, ‘இன்னும் கொஞ்சம் போலாமா வேண்டாமா’ என்று விவாதிப்பதுதான் மனஸ்தாபத்தில் முடியும். ஆறு பேர் சேர்ந்து போனால் அந்தக் குழுவின் வேகம் மெதுவாக நடப்பவரின் வேகம்தான், இதை மறந்துவிட்டு யாரோ ஒருவரை ஓட்டமாக ஓட வைப்பது நட்புக்கு நல்லதில்லை.

அடுத்தது, இலைகள் நிறம் மாறும் தேதியை ஒரு மாதத்துக்கு முன்பே குறித்துவைப்பது. மஞ்சளும் ஆரஞ்சும் தருகிற கரோட்டினாய்டு நிறமிகள் இலைக்குள் முதலிலிருந்தே இருப்பவை, பச்சையம் சிதைந்ததும் அவை வெளியே தெரிகின்றன, அதனால் மஞ்சள் ஏறக்குறைய எல்லா வருடமும் வரும். சிவப்பு அப்படி இல்லை. அந்தோசயனின் என்ற நிறமியைப் பல மரங்கள் அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர் என்று இருந்தால் சிவப்பு நன்றாக ஏறும். மேகமும் மழையுமாக இருந்தால் மங்கிப்போகும், ஒரு பலத்த காற்று அடித்தால் எல்லாமே தரைக்கு வந்துவிடும். இதை ஒரு மாதம் முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளைத் தோராயமாக ஒதுக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் வரும்போது ஒன்றை உறுதி செய்யுங்கள். மலைப்பகுதி என்றால் இன்னொரு வழியும் உண்டு. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும், அதனால் நிறமாற்றம் பொதுவாக மேலே முதலில் தொடங்கிக் கீழே இறங்கி வரும். தாமதமாகிவிட்டது என்று திட்டத்தைக் கைவிட வேண்டாம், உயரம் குறைந்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வியர்வையிலோ மழையிலோ நனைந்த பருத்தி உடை சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், எனவே உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். ஈர இலை வழுக்கும், அடியில் இருக்கும் வேரையும் கல்லையும் மறைக்கும். குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கும் என்பதால் அதை உள்பாக்கெட்டில் வையுங்கள், அதன் விளக்கை மட்டுமே நம்பாமல் தனியாக ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது கண்ணில் படுவதைப் பறிக்கக் கை துறுதுறுக்கும், ஆனால் எதைப் பறிக்கிறோம் என்பதில் அலட்சியம் வேண்டாம். காட்டுக் காளானைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சமைப்பது மிக மோசமான தவறு. அமானிட்டா பல்லாய்டிஸ் என்ற காளானின் நஞ்சு சமைத்தாலும் அழியாது, சாப்பிட்ட பிறகு பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு ஈரலைத் தாக்கும். காளான் அழகாக இருக்கிறதா, படம் வரையுங்கள், போட்டோ எடுங்கள், அதோடு விடுங்கள். வட அமெரிக்காவில் இருப்பவர்கள் மூன்று மூன்று சிற்றிலைகளாக, பளிச்சென்ற சிவப்பில் கொடியாக ஏறும் பாய்சன் ஐவியையும் அடையாளம் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அதன் எண்ணெய் காய்ந்த இலையிலும் தோலை அரிக்கும். பாதுகாக்கப்பட்ட பகுதிகள் பலவற்றில் ஒரு இலையைக்கூட எடுக்க அனுமதி இருக்காது, நுழையும்போதே பலகையைப் படித்துவிடுங்கள்.

இனி கைவேலை, ஓவியம் எல்லாம். எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வெளியே போவதையும் பொழுதுபோக்கையும் ஒரே நாளில் சேர்க்கும்போதுதான் நிறைய பேர் சொதப்புகிறார்கள். பகல் வெளிச்சத்தை நடக்கவும் பார்க்கவும் விட்டுவிடுங்கள். உட்கார்ந்து செய்கிற வேலையை மாலைக்கு, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலேயே வாட்டர்கலர் போட வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான், ஆனால் குளிர்ந்த ஈரக்காற்றில் வண்ணம் காய நேரம் பிடிக்கும், பொறுமை போய் ஈரத்தின் மேலேயே அடுத்த பூச்சைப் பூசினால் எல்லாம் சேறாகிவிடும். உள்ளங்கையளவு தாள், பென்சில் கோடு, ஒரே ஒரு பூச்சு, இருபது நிமிடம், அது போதும். மீதியை வீட்டில் முடிக்கலாம்.

இலைகளை அழுத்திப் பாடம் பண்ணுவது எளிய வேலை, அதிலும் தவறுகள் உண்டு. மழையில் நனைந்த இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு நாள் மறந்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த இலையாகப் பார்த்து எடுத்து, அங்கேயே ஒரு பழைய நோட்டுக்குள் விரித்து வையுங்கள். அன்று மாலையே ஈரம் உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றி, முதல் சில நாட்கள் தாளை மாற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் தயாராகிவிடும். பைன் காய் மூடியிருக்கிறது என்று தூக்கிப் போடாதீர்கள், ஈரத்தில் மூடிக்கொள்ளும், காய்ந்தால் திறக்கும்.

கொஞ்சம் புதிதாக ஏதாவது வேண்டுமென்றால், வெயிலைக் கொண்டு நீல நிறத்தில் படம் பதிக்கும் சயனோடைப் செய்து பாருங்கள். 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை, அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி நீலத்தில் பதிக்கத் தொடங்கினார். வேதிப்பூச்சு பூசிய தாள் தயாராகவே கிடைக்கிறது, மேலே இலையை வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் நீலத்தின் நடுவே வெள்ளை இலை பதிந்திருக்கும். கோடையில் எழுதிய குறிப்பை நம்பி அதே நேரத்துக்கு வெயிலில் வைப்பதுதான் இதில் தவறு. இலையுதிர்காலச் சூரியன் தாழ்வாக இருக்கும், புற ஊதாக் கதிர் குறைவு, எனவே நண்பகலையொட்டிச் செய்யுங்கள், கூடுதல் நேரம் வையுங்கள், முதலில் ஒரு சின்னத் துண்டில் சோதித்துவிடுங்கள்.

போட்டோ எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவில் வெள்ளைச் சமநிலையை, அதாவது ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை (white balance), தானியங்கியில் விட்டால் அந்தப் பொன்னிறத்தை அது பல நேரம் ‘சரிசெய்து’ மங்கலாக்கிவிடும், வெயில் அல்லது மேகமூட்டம் என்ற அமைப்புக்கு மாற்றுங்கள். ஈர இலையின் பளபளப்பு நிறத்தை மறைத்தால், லென்ஸின் முன்னால் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி உதவும்.

கடைசியாக, மனிதர்கள். ஒரே நண்பர் எல்லா வாரமும் இடம் பார்த்து, கார் ஓட்டி, பொருளும் வாங்கிவந்தால் கொஞ்ச நாளில் அவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார், நாம் காரணம் தெரியாமல் நிற்போம். முறைவைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒருவர் முடிவெடுக்கட்டும், மற்றவர்கள் அதற்கு ஒத்துழைக்கட்டும். வரையத் தெரிந்தவர் ஆசிரியராக மாறி மற்றவர்களின் தாளைத் திருத்த ஆரம்பித்தால் அடுத்த முறை பாதிப்பேர் வரமாட்டார்கள். கேட்டால் மட்டும் சொல்லிக்கொடுங்கள். வரைய விருப்பமே இல்லாத நண்பர் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டுமே, அவர் வந்ததே உங்களோடு இருக்கத்தான்.

மழை அறிவிப்பு வந்தால் மொத்தமாக ரத்து செய்யாதீர்கள், நடையை மட்டும் விட்டுவிட்டுக் கைவேலையைக் காலையிலேயே தொடங்கிவிடலாம். அதற்குத் தேவையான தாளும் வண்ணமும் யார் வீட்டில் இருக்கின்றன என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். முடிவை வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், தூரத்திலிருந்து வருபவர்கள் விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருக்கும்.