கேம் நடுவே திணறும் கணினி: காரணத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

திரை மூலையில் 110 எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரையில் வரும் படங்கள், அதாவது ஃபிரேம்களின் எண்ணிக்கை) என்று காட்டுகிறது. ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென்று ஒரு கணம் நின்று, மறுபடி ஓடுகிறது. சொந்தமாக அசெம்பிள் செய்த கணினியில் புதியவர்களை இதைவிடக் குழப்பும் கோளாறு வேறு இல்லை. எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. ஒரு நொடியில் 109 ஃபிரேம்கள் தலா 8 மில்லி செகண்டில் வந்து, ஒன்றே ஒன்று மட்டும் 120 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டாலும் கணக்கு 110தான். உங்கள் கண்ணில் உறுத்துவது அந்த ஒன்று. ஆகவே எஃப்பிஎஸ்ஸை விட்டுவிட்டு, ஃபிரேம் டைமை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரத்தைப் பாருங்கள்.

முதலில்: இது ஸ்டட்டரா (கணினியின் திணறலா), இன்டர்நெட் லேக்கா (இணைப்பின் தாமதமா)?

மவுஸைத் திருப்பும்போது திரை முழுவதும் வெட்டி வெட்டி நகர்ந்தால் கோளாறு கணினியில். உங்கள் பார்வை வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் எதிரிகள் இடம்விட்டு இடம் தாவுகிறார்கள், அல்லது உங்களைப் பின்னால் இழுத்து விடுகிறது என்றால் அது இன்டர்நெட். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து ஐரோப்பிய சர்வருக்குப் போனால் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) 150 மில்லி செகண்டுக்கு மேல் நிற்பது வழக்கம். அதற்கு ரேம் மாற்றிப் பயனில்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போல ஜோஹன்னஸ்பர்க்கிலேயே சர்வர் உள்ள கேமில் அதைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகம் தீர, ஆஃப்லைன் பயிற்சி மேப்பில் பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். அங்கேயும் திணறினால் மேலே படியுங்கள்.

அளந்து பாருங்கள்

கணினியின் ஓட்டத்தை அளந்து காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளையும் அதோடு வரும் ரிவாட்யூனரையும் நிறுவுங்கள். செட்டிங்ஸில் மானிட்டரிங் பகுதிக்குப் போய் ஃபிரேம் டைமை எண்ணாக இல்லாமல் கிராஃபாகக் காட்டச் சொல்லுங்கள். கூடவே சிபியு (மையச் செயலி) வெப்பம், சிபியு கிளாக் (அது ஓடும் வேகம்), ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) வெப்பம், ஜிபியு மெமரி, ரேம் அளவு ஆகியவற்றையும் திரையில் வையுங்கள். 60 எஃப்பிஎஸ்ஸுக்கு கோடு 16.7 மில்லி செகண்டிலும், 144க்கு 6.9இலும் கிட்டத்தட்ட நேராகப் போக வேண்டும். திணறும்போதெல்லாம் கோட்டில் ஒரு முள் எழும்.

அந்த முள் எழும் நேரத்தைக் குறித்து வையுங்கள். காரணமில்லாமல் வருவதுபோலத் தெரியும் திணறலுக்கும் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு இருக்கும். புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் வந்து, இரண்டாம் முறை வராவிட்டால் அது ஷேடர் கம்பைல் ஆவது, அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்கள் ஜிபியுவுக்கு ஏற்பத் தயாராவது. கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த பிறகும் சில நாள் இப்படி இருக்கும், கணினியில் பழுதில்லை. இருபது நிமிடம் கழித்துத் தொடங்கினால் வெப்பம். சீராகச் சில நொடிக்கு ஒரு முறை வந்தால் பின்னணியில் ஏதோ ஒரு மென்பொருள். கேம் இல்லாதபோதும் வந்து, சத்தமும் சேர்ந்து கரகரத்தால் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அல்லது டிரைவர்.

இனி வரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே விதி: ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதே மேப்பில் பத்து நிமிடம் ஓட்டுங்கள், பிறகு அடுத்தது. மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாது.

ரேம்: புது கணினியில் முதல் சந்தேகம் இங்கேதான்

பெட்டியில் 3600 என்று போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம், எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பை) நீங்கள் இயக்காதவரை 2133 அல்லது 2666இல்தான் ஓடும். 6000 டிடிஆர்5 ரேமும் 4800இல் நிற்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். குறைவாக இருந்தால் கணினி தொடங்கும்போது டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, ஏஎம்டியில் எக்ஸ்போ அல்லது டிஓசிபி என்று இருப்பதை இயக்குங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இதற்குப் பின் முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பயந்து பவரை அணைத்துவிடாதீர்கள்.

இரண்டு ரேம் குச்சிகளையும் பக்கத்துப் பக்கத்தில் செருகுவது மிகப் பரவலான தவறு. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் சிபியுவிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டுகளில் போடுங்கள். அப்போதுதான் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு குச்சிகளும் தனித்தனிப் பாதையில் ஒரே நேரத்தில் ஓடும். ஒற்றைச் சேனலில் சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட அதிகம் கெடுவது இந்த முட்கள்தான்.

எக்ஸ்எம்பி போட்ட பிறகுதான் திணறல் தொடங்கியது என்றால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியில் ஏற்றி நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தேறாத ரேம் அமைப்பு. வேகத்தை ஒரு படி இறக்குங்கள்.

ரைசன் (ஏஎம்டி சிபியு) வைத்திருப்பவர்கள் பயாஸைப் பார்க்கவும்

ஏஎம்4 (ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்) ரைசன் கணினிகள் சிலவற்றில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி, மதர்போர்டின் சிறிய ஃபிளாஷ் சிப்போடு பேசும்போது கணினி முழுவதும் ஒரு கணம் உறைந்தது. 2022 மார்ச்சில் ஏஎம்டியே இதை ஒப்புக்கொண்டது. ஏஜெசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் நிரல்) 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயாஸ் இதைத் தீர்க்கும். போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலைச் சரியாகப் பார்த்து இறக்குங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இயக்கத்தில் இருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். உங்கள் பகுதியில் கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பாதியில் நின்ற பயாஸ் போர்டையே முடக்கிவிடும்.

கரண்டைப் பற்றி இன்னொன்று. லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய) காலத்தில் வாங்கிய மலிவு யுபிஎஸ், இன்வெர்ட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அவற்றின் கரடுமுரடான அலை சில பவர் சப்ளைகளுக்கு ஒத்துவராது. அப்போது கணினி அணைந்துபோகும், ரீஸ்டார்ட் ஆகும், ஸ்டட்டர் ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெப்பம்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் ஜன்னல் மூடிய அறையின் புழுக்கம் தெரிந்ததுதான். அறை 8 டிகிரி ஏறினால் சிபியுவும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். ரைசன் 7000 வரிசைக்கு பொதுவாக 95, இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறைக்கு 100 டிகிரி வரம்பு. வரம்பைத் தொட்ட நொடியில் கிளாக் சரிந்தால் ஃபிரேம் டைமில் முள் எழும்; ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் தெர்மல் த்ராட்லிங் (வெப்பத்தால் வேகம் குறைதல்) என்ற வரி 'யெஸ்' என்று மாறும்.

கூலரைக் கழற்றிப் பாருங்கள்: அடித்தட்டில் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருக்கலாம். சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். திருகுகளைக் குறுக்கு மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடற்கரைக்குப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றால் ரேமின் தங்க முனைகளில் படிவு சேரலாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த பின் செருகுங்கள்.

மிச்சமுள்ளவை

ஜிபியு மெமரி 8 ஜிபியில் 7.8 என்று முட்டிக்கொண்டு நின்றால் கேம் செட்டிங்ஸில் டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தரத்தை) ஒரு படி குறையுங்கள். கேம் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். டிஸ்கார்ட் ஓவர்லே (கேம் மீது தெரியும் அரட்டைப் பட்டை), எல்இடி விளக்கு மென்பொருள்கள், மவுஸின் 8000 ஹெர்ட்ஸ் போலிங் (நொடிக்கு 8000 முறை தகவல் அனுப்புவது) ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். மவுஸுக்கு 1000 தாராளம். சத்தமும் கரகரத்தால், எந்த டிரைவர் தாமதிக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் ஓட்டுங்கள். வைஃபை டிரைவர் சிவப்பில் வந்தால் கேபிள் போட்டு ஒப்பிடுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மீது சந்தேகம் என்றால் சேஃப் மோடில் டிடியு (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) கொண்டு துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

எல்லாம் செய்தும் போகவில்லையா? ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். பிறகு நண்பரின் ஜிபியுவை இரவல் வாங்கிச் செருகுங்கள். பழுதான பாகம் பிடிபட்டுவிட்டால் ஃபிரேம் டைம் படத்தையும் மெம்டெஸ்ட் முடிவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் பழுதானதைத் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது.