டிங்கட் நோட்டை வைத்து டேட்டாபேஸ் கற்றுக்கொள்ளலாம்

சிங்கப்பூரின் ஈசூனில் தனியாக இருந்த ஒரு பாட்டி, செங்காங்கில் மகள் வீட்டுக்கு மாறினார். அக்கா நடத்தும் டிங்கட் சமையலுக்கு (அடுக்குப் பாத்திரத்தில் வீட்டுக்கே போகும் சாப்பாடு) அவர் பழைய வாடிக்கையாளர். எங்கள் எக்செல் கோப்பில் அவருடைய முகவரி மூன்று இடங்களில் இருந்தது: பெயர்ப் பட்டியலில், மாதக் கணக்கில், சாப்பாடு கொண்டுபோகும் தம்பிக்கு அச்சடித்துக் கொடுக்கும் தாளில். நான் இரண்டை மாற்றிவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டேன். அன்று மத்தியானச் சாப்பாடு பழைய புளோக்கில், பூட்டிய கதவில் தொங்கியது. 2 மணிக்குப் பாட்டி அழைத்தார். “மறந்துட்டீங்களாம்மா?” என்று மட்டும்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறவள். அந்த வாரமே ரிலேஷனல் டேட்டாபேஸ் (தகவலைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்து எண்ணால் இணைக்கும் முறை) கற்க உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு மடிக்கணினியோடு போய்விடுவேன். முதல் சில மாதங்கள் தேவையில்லாமல் சுற்றினேன். நீங்கள் அப்படிச் சுற்றவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணினியை மூடி வையுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கை எடுங்கள். சீட்டுக் கணக்கு, துணைப்பாட வகுப்பு மாணவர் பட்டியல், கோயில் அன்னதானப் பட்டியல், எதுவானாலும் சரி. பாடங்களில் வரும் மாதிரிக் கணக்கில் தப்பான விடை வந்தால் அது தப்பு என்றே நமக்குத் தெரியாது. அக்காவின் நோட்டில் வெள்ளிக்கிழமை சாம்பார் 4 என்று வந்தால், அது இருக்கவே முடியாது என்று எனக்கு உடனே தெரியும்.

அந்த நோட்டிலிருந்து இருபது வரியைத் தாளில் எழுதி, திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் வட்டமிடுங்கள். என் தாளில் பாட்டியின் பெயரும் முகவரியும் ஆறு முறை வந்தன. ‘வத்தக்குழம்பு, 6.50 வெள்ளி’ ஐந்து முறை வந்தது. வட்டம் விழுந்த ஒவ்வொன்றும் தனக்கென ஒரு டேபிள் (அட்டவணை) கேட்கிறது. வாடிக்கையாளருக்கு ஒன்று, பண்டத்துக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று. ஒரு செய்தி ஓர் இடத்தில்தான் இருக்கவேண்டும். மற்ற இடங்களில் அதைச் சுட்டும் எண் மட்டும் போதும். பாட்டியின் முகவரி வாடிக்கையாளர் டேபிளில் ஒரே வரியில் இருக்கும். ஆர்டரில் ‘வாடிக்கையாளர் 17’ என்றுதான் இருக்கும். வீடு மாறினால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

இந்த யோசனையை ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு முன் ஒரு தகவலை எடுக்க, அது கணினியில் எந்த வழியில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை நிரல் எழுதுகிறவர் தெரிந்து வைத்திருக்கவேண்டும். எது வேண்டும் என்று சொன்னால் போதும், எப்படி எடுப்பது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் காட். அப்படிக் கேட்பதற்கான மொழியை அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் முன்வைத்தார்கள். இன்று எஸ்க்யூஎல் என்று எல்லோரும் கற்பது அதைத்தான்.

திரும்ப நோட்டுக்கு வருவோம். ஓர் ஆர்டரில் பல பண்டங்கள் இருக்கும், ஒரு பண்டம் பல ஆர்டர்களில் இருக்கும். இதை இரண்டு டேபிளுக்குள் அடக்க முடியாது. நான் முதலில் ஆர்டர் டேபிளிலேயே பண்டம்1, பண்டம்2, பண்டம்3 என்று பத்திகள் (நெடுக்குக் கட்டங்கள்) போட்டேன். நாலு பண்டம் கேட்ட முதல் ஆளோடு அது உடைந்தது. நடுவில் இன்னொரு டேபிள் வேண்டும். அதற்கு ‘வரி’ என்று பெயர் வைத்தேன். ஆர்டர் எண், பண்ட எண், எண்ணிக்கை, விலை என்று நாலு பத்தி.

விலை ஏன் அங்கேயும் இருக்கிறது, பண்டம் டேபிளில்தான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வரி டேபிளிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு அக்கா வத்தக்குழம்பை 7 வெள்ளி ஆக்கினார். உடனே போன மாத ரசீதுகளெல்லாம் 7 வெள்ளி என்று கணக்குக் காட்டின. இன்றைய விலை ஒரு செய்தி, அன்று வாங்கிய விலை வேறொரு செய்தி. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தாலும் ஒரே செய்தி அல்ல. இது புரிந்த பிறகுதான் டேபிள் பிரிப்பதில் எனக்குக் கை வந்தது.

ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் எண்ணுக்கு ப்ரைமரி கீ என்று பெயர். அதற்கு 1, 2, 3 என்று மென்பொருளே தரும் எண்ணை வையுங்கள். பெயர் உதவாது, எங்களிடம் இரண்டு முத்துலட்சுமிகள் இருக்கிறார்கள். தொலைபேசி எண்ணும் உதவாது. அம்மாவும் மகளும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். அடையாள அட்டை எண் ஆளுக்கு ஒன்றுதானே என்று தோன்றும். அதைத் தொடவே வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்பட்டாலோ ஒருவர் யார் என்று மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க அது எதற்கு?

இனி மென்பொருள். தொடங்குகிறவர்களுக்கு எஸ்க்யூலைட் போதும் என்பது என் உறுதியான கருத்து. ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்டது, இலவசம், டேட்டாபேஸ் முழுவதும் ஒரே கோப்பு. அதோடு டிபி பிரௌசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால், டேபிள்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். நான் மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் தொடங்கினேன். செர்வர் நிறுவுவது, பயனர் உருவாக்குவது, கடவுச்சொல் என்று மூன்று ஞாயிறு போயிற்று. ஒரு டேபிள்கூட உருவாகவில்லை.

டேபிள் உருவாக்கும்போது ஒவ்வொரு பத்திக்கும் வகை கேட்கும். இங்கே நிதானமாக இருங்கள். அஞ்சல் குறியீட்டில் ஆறும் இலக்கம்தான், ஆனாலும் அது டெக்ஸ்ட் (எழுத்து). மரினா பே சேண்ட்ஸின் குறியீடு 018956. இன்டிஜர் (முழு எண்) என்று வைத்தால் முன்னால் நிற்கும் 0 விழுந்து, 18956 ஆகிவிடும். கூட்டவோ கழிக்கவோ போகாத எண்களை டெக்ஸ்டாக வைத்தால் பிரச்சினை வராது. காசு இன்டிஜர்; 6.50 வெள்ளியை 650 காசு என்று வையுங்கள், தசம எண்களில் ஏற்படும் நுண்ணிய பிசகு வராது. எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. 2025-09-26 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் வரிசைப்படுத்தும்போது சரியாக வரும்.

பெயருக்கு ஒரே பத்தி வையுங்கள். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று வெளிநாட்டுப் பாடங்கள் இரண்டாகப் பிரிக்கச் சொல்லும். நம் பெயர்களில் எஸ்/ஓ, டி/ஓ வருகிறது. அதற்குப் பின்னால் வருவது அப்பா பெயர், குடும்பப் பெயர் அல்ல. பிரித்தால் வாடிக்கையாளரை அவருடைய அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிவரும்.

டேபிளுக்கும் பத்திக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், எஸ்க்யூலைட் ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். இங்கே அவற்றை ஒலிப்படி எழுதுகிறேன். ஈசூன் வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்க:

செலக்ட் பெயர், அஞ்சல்குறி
ஃப்ரம் வாடிக்கையாளர்
வேர் அஞ்சல்குறி லைக் '76%'

எந்தப் பத்தி, எந்த டேபிளிலிருந்து, எந்த நிபந்தனையோடு. 76 என்று தொடங்குகிற எல்லாம் என்பதற்குத்தான் அந்த விழுக்காட்டுக் குறி. இதை மட்டும் ஒரு வாரம் விதவிதமாகக் கேட்டுப் பழகுங்கள். அப்புறம் ஜாயின். பிரித்து வைத்த டேபிள்களை எண்ணை வைத்து மறுபடி சேர்ப்பது அது. புரட்டாசி வெள்ளியன்று எந்தப் பண்டம் எத்தனை வேண்டும் என்று அக்கா விடியற்காலையில் கேட்பார். அதற்கு நான் எழுதியது:

செலக்ட் பண்டம்.பெயர், சம்(வரி.எண்ணிக்கை)
ஃப்ரம் வரி
ஜாயின் பண்டம் ஆன் பண்டம்.எண் = வரி.பண்ட_எண்
ஜாயின் ஆர்டர்கள் ஆன் ஆர்டர்கள்.எண் = வரி.ஆர்டர்_எண்
வேர் ஆர்டர்கள்.தேதி = '2025-09-26'
க்ரூப் பை பண்டம்.பெயர்

‘க்ரூப் பை’ பண்டவாரியாகப் பிரிக்கும், ‘சம்’ ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் கூட்டும். ஜாயின் வரியில் ‘ஆன்’ பகுதியை ஒருமுறை வேண்டுமென்றே விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு பண்டத்தோடும் ஒட்டிக்கொண்டு, 30 வரியும் 12 பண்டமும் கூட்டுவதற்கு முன்பே 360 வரியாகப் பெருகிவிடும். எண்ணிக்கை திடீரென்று ஊதினால் காரணம் பெரும்பாலும் இதுதான். (ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவர்கள் டேபிளுக்கு ‘ஆர்டர்’ என்று வைக்காதீர்கள். அது கட்டளைச் சொல், மென்பொருள் மறுத்துவிடும்.)

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது நல் என்கிற வெற்றிடம். வாடிக்கையாளர் டேபிளில் ‘ஒவ்வாமை’ என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். கடலை ஆகாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன், 3 என்றது. கடலையைத் தவிர மற்றவர்கள் எத்தனை என்று கேட்டேன், 22 என்றது. மொத்தம் 40 பேர். மீதி 15 பேர் எங்கே?

அந்தப் பதினைந்து பேருக்கும் நான் எதையும் நிரப்பவில்லை. நல் என்பது பூஜ்யமும் அல்ல, ‘இல்லை’ என்பதும் அல்ல; தெரியாது என்று பொருள். தெரியாத ஒன்று கடலையா என்றால் அதற்கும் தெரியாது, கடலை இல்லையா என்றால் அதற்கும் தெரியாது. இரண்டு கேள்விக்கும் அந்த வரி வராது. ‘= நல்’ என்று எழுதித் தேடினாலும் ஒன்றும் வராது, ‘இஸ் நல்’ என்றுதான் எழுதவேண்டும். அப்படித் தேடிப் பட்டியல் எடுத்து, பதினைந்து பேரையும் ஒரே மாலையில் அழைத்தேன். அதில் ஒருவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடலை ஆகாது. அதுவரை அவருக்கு வாரம் ஒருமுறை கடலைச் சட்னி போயிருக்கிறது. அதை அவர் தானே எடுத்துக் கொட்டிவிடுவாராம்.

அந்த மாலையே ஒவ்வாமையைத் தனி டேபிள் ஆக்கினேன். ஒருவருக்கு இரண்டு பொருள் ஆகாமல் இருக்கலாம். ‘கடலை, முட்டை’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் தேடும்போது தவறிப்போகும். ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு. வாடிக்கையாளர் டேபிளில் ‘ஒவ்வாமை கேட்டாயிற்றா’ என்று இன்னொரு பத்தியும் வைத்தேன். அதை நிரப்பாமல் விட முடியாது, நாட் நல் என்று கட்டிவிட்டேன்.

டேபிள்களுக்கு நடுவே இருக்கும் தொடர்பையும் இப்படிக் கட்டவேண்டும். அதற்கு ஃபாரின் கீ என்று பெயர். இல்லாத வாடிக்கையாளர் எண்ணுக்கு ஆர்டர் போட்டால் அது தடுக்கும். எஸ்க்யூலைட் வழக்கமாக இதைத் தானாகச் சரிபார்க்காது; ஒவ்வொரு முறை டேட்டாபேஸைத் திறக்கும்போதும் ‘ப்ராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்’ என்ற கட்டளையைத் தரவேண்டும். டிபி பிரௌசரில் ப்ராக்மா பக்கத்தில் அது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அழிக்கும்போதும் திருத்தும்போதும் ஒரே பழக்கம் போதும். முதலில் அதே நிபந்தனையோடு செலக்ட் போட்டு எந்த வரிகள் வருகின்றன என்று கண்ணால் பாருங்கள். பிறகுதான் அப்டேட், டிலீட். வேர் இல்லாமல் அப்டேட் போட்டால் எல்லோருக்கும் பாட்டியின் முகவரி வந்துவிடும். டிபி பிரௌசரில் ‘ரைட் சேஞ்சஸ்’ அழுத்தும்வரை மாற்றம் கோப்பில் நிலைக்காது, ‘ரிவர்ட்’ அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். ஒவ்வோர் இரவும் கோப்பை நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வரிசைப்படுத்த ‘ஆர்டர் பை பெயர்’ என்று போட்டால் வருவது நம் அகரவரிசை அல்ல. எஸ்க்யூலைட், கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்திருக்கும் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். அதில் ந-வுக்கு அடுத்து ன வருகிறது, ர-வுக்கு அடுத்து ற வருகிறது. சரியான வரிசை வேண்டுமானால் அதற்கென்று ஒரு பத்தி வைத்து எண் கொடுக்கலாம். நாற்பது பெயருக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

உங்கள் சொந்தக் கணக்கு கைக்கு வந்ததும் பெரிய தரவில் பழகுங்கள். அரசாங்கத்தின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலைகள் இலவசமாகக் கிடைக்கும். 2017 முதலான கோப்பு மட்டுமே இலட்சம் வரிக்கு மேல் போகும். ஈசூனில் நாலறை வீட்டின் சராசரி விலை ஆண்டுக்கு ஆண்டு எப்படி ஏறியது என்று க்ரூப் பை போட்டுக் கண்டுபிடியுங்கள். மாடி ‘10 டு 12’ என்று டெக்ஸ்டாக இருப்பதைப் பார்த்ததும், அதை எப்படி வேறு விதமாக வைத்திருக்கலாம் என்று உங்களுக்கே யோசனை வரும். வகுப்புக்குப் போவதென்றால் அதற்குப் பிறகு போங்கள். பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தலாம். கேள்விகளோடு போனால் வகுப்பு இனிக்கும்.

எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். எங்களுக்கு இதுவரை அது போதுமாக இருந்தது. இப்போது அக்கா மருமகளும் சமையலறையிலிருந்தே ஆர்டர் பதிகிறாள். அதனால் இந்த மாதம், பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். டேபிள்கள் ஏறக்குறைய அப்படியே வருகின்றன. பாட்டி இன்னும் 17-ம் எண்தான்.