மொரீசியஸ் நோட்டு சேகரிக்க: முதலில் தமிழ் எங்கே இருக்கிறதென்று பாருங்கள்

மொரீசியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றும் இருக்கும். 1998 நவம்பரில் மொரீசியஸ் வங்கி 25 முதல் 2000 வரை ஏழு மதிப்புகளில் புதுத் தொடர் வெளியிட்டபோது, தமிழுக்கு மேலே இந்தி ஏறிவிட்டது. அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழ, அந்தத் தொடர் திரும்பப் பெறப்பட்டது. தமிழை மீண்டும் இரண்டாமிடத்தில் வைத்து 1999 ஆண்டிட்ட நோட்டுகள் வந்தன. ஆகவே ஒரே மதிப்பில் 1998, 1999 இரண்டையும் சோடியாக வாங்குவதே நல்ல தொடக்கம். 100 ரூபாயில் ஆரம்பிக்கலாம். அதிலிருப்பவர் தமிழ் வழிவந்த வழக்கறிஞர் ரங்கநாதன் சீனிவாசன்.

விற்பவர் '1998-99 தொடர்' என்று மொட்டையாக எழுதியிருந்தால், பெரும்பாலும் வருவது எளிதில் கிடைக்கும் 1999 நோட்டுதான். ஆண்டும் வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள். ஆண்டை மட்டும் நம்பாமல் மொழி வரிசையையும் ஒப்பிடுங்கள். இதில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்குப் பட்டியல் நூலே தேவைப்படாது.

1967-இல் வந்த மொரீசியஸ் வங்கியின் முதல் தொடரில் (5, 10, 25, 50 ரூபாய்) எலிசபெத் அரசியின் படம் உண்டு, ஆண்டு கிடையாது. நோட்டிலுள்ள வங்கி அதிகாரிகளின் கையெழுத்தை வைத்துத்தான் முன்பின் பிரிக்க வேண்டும். குறிப்பேட்டில் மதிப்பு, கையெழுத்து, வரிசை எண்ணின் முன்னெழுத்து, தரம் (நோட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது) நான்கையும் எழுதிவையுங்கள்.

புத்தம்புதிது என்று விற்கப்படும் காகித நோட்டை அப்படியே நம்பக் கூடாது. விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். மடிப்பை அழுத்தி மறைத்திருந்தால் மெல்லிய கோடு தெரியும். மேடாக இருக்க வேண்டிய அச்சும் தட்டையாகக் கிடக்கும். புற ஊதா விளக்கில் காகிதம் முழுக்க வெளிர்நீலமாக ஒளிர்ந்தால் சலவைத்தூளில் குளித்த நோட்டு. நல்ல நோட்டுக் காகிதம் மங்கலாகவே இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் டோடோ பறவையின் தலை நீர்க்குறியாகத் தெரிய வேண்டும். நான்கு ஓர வெள்ளையும் அளந்துவிடுங்கள். தேய்ந்த முனையைக் கத்தரித்து விற்பதுண்டு.

வைப்பதற்குப் பாலியெஸ்டர் உறைதான். மலிவான பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். அழுக்கு நோட்டைக் கழுவாதீர்கள், கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே விலையைக் குறைக்கும்.

2013-இல் 25, 50, 500 ரூபாய்களும், 2018-இல் 2000 ரூபாயும் பாலிமரில் வந்தன. பாலிமரில் விழுந்த கூர்மையான மடிப்பு போகாது. போக்கலாமென்று சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நோட்டே சுருங்கிவிடும்.